பஷ்தூ படித்து என்ன செய்யப் போகிறாய்?

மதிப்பெண்ணுக்கு ஒரு மொழி, விசாவுக்கு ஒரு மொழி என்று ஓடும் காலத்தில், அரசுப் பல்கலைக்கழகங்களின் அயல்மொழித் துறைகளும் மொழியியல் துறைகளும் யாருக்காக இயங்குகின்றன?

தமிழ்நாட்டில் பிரெஞ்சு படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண்ணை அள்ளலாம் என்ற கணக்கு பல வீடுகளில் பல ஆண்டுகளாக ஓடுகிறது. கல்லூரியில் பகுதி ஒன்று தாளிலும் அதே கணக்கு தொடரும். இப்படி நான்கைந்து ஆண்டு பிரெஞ்சு படித்து மதிப்பெண்ணைக் குவித்த பலருக்கு, பாண்டிச்சேரி கடற்கரையில் வழி கேட்கும் பிரெஞ்சுக்காரருக்குப் பதில் சொல்ல வாய் வராது. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. பேசுவதற்காக அதைப் படி என்று அவர்களிடம் யாரும் சொன்னதே இல்லை.

இன்னொரு பக்கம், மொழிக்கு நல்ல விலை கிடைக்கும் காலமும் இதுதான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து கொரிய மொழிக்கும், ஒரகடத்தில் நிஸான் வந்ததிலிருந்து ஜப்பானிய மொழிக்கும் சென்னையில் தனி மவுசு. ஜெர்மனிக்குச் செவிலியராகப் போக நினைக்கும் பெண்கள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஜெர்மன் தேர்வுகளை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டணம். கட்ட முடிந்தவர் ஏறுகிறார்; முடியாதவர் கீழேயே நிற்கிறார்.

இந்த இரண்டு கணக்கிலும் சேராத ஒரு கூட்டம் டெல்லியிலும் ஹைதராபாத்திலும் இருக்கிறது. அரபு, பாரசீகம், ஸ்பானிஷ், ரஷ்யன், சீனம், கொரியன் என்று ஏதாவதொரு மொழியை மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ முழுநேரப் படிப்பாகவே படிக்கும் மாணவர்கள். அவர்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தில், எந்த ஒரு மொழியையும் குறிப்பாகப் படிக்காமல், மொழி என்பதே எப்படி இயங்குகிறது என்று ஆராயும் மொழியியல் மாணவர்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் இவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் காத்திருக்கும்: "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?"

பூஜ்ஜியத்திலிருந்து

1969-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யு.) அடிப்படையில் முதுநிலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமான இடம். அங்கே நெடுங்காலம் இளநிலைப் பட்டம் என்றாலே அயல்மொழிப் பட்டம்தான். காரணம் எளிது. பள்ளியில் வேதியியல் படித்தவர் கல்லூரியில் வேதியியலைத் தொடரலாம். கொரிய மொழியையோ பாரசீகத்தையோ எந்த ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு வருவது? அதனால் எழுத்தறிமுகத்திலிருந்தே தொடங்கும் பட்டப்படிப்பைப் பல்கலைக்கழகமே நடத்த வேண்டியிருந்தது.

இதில் ஒரு சமத்துவம் இருக்கிறது. டெல்லி கான்வென்ட்டில் படித்தவரும் பீகார் கிராமத்துப் பள்ளியில் படித்தவரும் திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து வந்தவரும் சீன எழுத்துக்கு முன்னால் ஒரே மாதிரி முழிப்பார்கள். அந்த வகுப்பில் முன்கூட்டியே தெரிந்தவர் என்று அநேகமாக யாரும் கிடையாது. ஆனால் முழுச் சமத்துவம் என்றும் சொல்ல முடியாது. முதல் செமஸ்டரில் இலக்கணத்தை விளக்குவது ஆங்கிலத்தில். வகுப்புக்கு வெளியே சந்தேகம் கேட்பது இந்தியில். தமிழ்நாட்டிலிருந்து போகும் பிள்ளை ஸ்பானிஷ் படிப்பதற்குள் மெஸ்ஸிலும் விடுதி வராந்தாவிலும் இந்தியையும் சேர்த்தே படித்துவிடும்.

கட்டணம்தான் இந்தக் கதையின் முதுகெலும்பு. ஜே.என்.யு.வில் ஆண்டுக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாயாகத்தான் இருந்தது. விடுதியில் தனி அறைக்கு மாத வாடகை 20 ரூபாய். 2019-ல் அதை 600 ரூபாயாக உயர்த்த முயன்றபோதுதான் மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 600 ரூபாய் ஒரு பணமா என்று அன்று தொலைக்காட்சிகளில் கேட்டவர்கள் உண்டு. அயல்மொழி ஒன்றில் தேற ஐந்து ஆண்டு ஆகும், அந்த ஐந்து ஆண்டும் வீட்டிலிருந்து பணம் வராத மாணவர் அங்கே தாக்குப்பிடிக்க வேண்டும் என்று யோசித்தவர்களுக்கு அந்தக் கோபம் புரிந்தது.

நிலா, முகமூடி, மகள்

அந்த ஐந்து ஆண்டில் அப்படி என்னதான் நடக்கிறது? கொரிய வகுப்பின் முதல் மாதத்தை எடுத்துக்கொள்வோம்.

கொரிய மொழியில் நிலாவுக்கு ஒரு சொல், முகமூடிக்கு ஒரு சொல், மகளுக்கு ஒரு சொல். மூன்றையும் தமிழில் எழுதினால் ஒரே மாதிரிதான் எழுத வேண்டும்: தல், தல், தல். கொரியர் காதுக்கு அவை மூன்று வெவ்வேறு சொற்கள். முதல் ஒலியில்தான் சூட்சுமம். நிலாவின் 'த' தளர்வாக வரும். முகமூடியின் 'த' மூச்சை வெளியே தள்ளும்; வாய்க்கு முன்னால் ஒரு துண்டுத்தாளைப் பிடித்தால் தாள் ஆடும். மகளின் 'த' தொண்டையை இறுக்கிக்கொண்டு வரும். பத்து, கத்தி என்று சொல்லும்போது நாக்கு ஒட்டி நிற்கிறதே, கிட்டத்தட்ட அந்த அழுத்தம். தளர்ந்த தகரமும் மூச்சுத் தகரமும் பிடிபடாமல் தமிழ் மாணவர்கள் வாரக்கணக்கில் திணறுவார்கள். கேட்டுக்கொண்டே இருங்கள், வந்துவிடும் என்பார் மொழி ஆசிரியர்.

இதே மாணவர் பக்கத்து ஒலியியல் ஆய்வகத்துக்குப் போனால் வேறொன்று நடக்கும். கொரியர் ஒருவரின் குரலைப் பதிவு செய்து 'பிராட்' என்ற மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி உலகுக்கே இலவசமாகக் கொடுத்த மென்பொருள் அது. திரையில் குரலின் ஏற்ற இறக்கம் கோடாக ஓடும். நிலாவுக்கும் முகமூடிக்கும் நடுவே மூச்சின் வேறுபாட்டைவிடச் சுருதியின் வேறுபாடு பெரிதாகத் தெரியும். நிலா தாழ்ந்த சுருதியில் தொடங்குகிறது. முகமூடி உயர்ந்த சுருதியில். சியோல் நகரத்து இளைய தலைமுறையின் பேச்சில் இந்த ஒலிகளைப் பிரித்துக் காட்டும் வேலையை மூச்சு மெல்ல மெல்லச் சுருதியிடம் ஒப்படைத்துவருவதாக ஒலியியல் ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களில் பலருக்கே இது தெரியாது.

எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் காது சீக்கிரம் பழகும். மொழி வகுப்பில் மூன்று வாரம் முட்டிய கதவு ஆய்வகத்தில் ஒரு மதியத்தில் திறந்துவிடுவதுண்டு. மொழியைப் பேசக் கற்பதும் மொழியை ஆராயக் கற்பதும் ஒரே வளாகத்தில் நடப்பதன் பலன் இதுதான். பயிற்சி மையத்தில் முதலாவது கிடைக்கும். இரண்டாவதற்கு அங்கே வேலையில்லை.

கல்லூரிச் சாலையில் பிறந்த கண்டுபிடிப்பு

இந்தச் சேர்க்கையின் பலனை முதலில் பார்த்த ஊர்களில் ஒன்று சென்னை. 1812-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கும் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் மொழி வேண்டும் என்ற நிர்வாகத் தேவை, அவ்வளவுதான். பின்னாளில் அந்தக் கல்லூரி இயங்கிய இடம்தான் நுங்கம்பாக்கத்தில் நாம் டி.பி.ஐ. வளாகம் என்று அழைத்துவந்த இடம். இன்று பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸும் அதே கல்லூரிச் சாலையில்தான் இருக்கிறது.

அந்தக் கல்லூரியை முன்னின்று நடத்திய எஃப்.டபிள்யூ.எல்லிஸ், தமிழ்ப் புலவர்களும் தெலுங்குப் பண்டிதர்களும் அருகருகே உட்கார்ந்து பாடம் சொன்ன சூழலில் இரு மொழிகளின் வேர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, அவை தனிக் குடும்பம் என்ற முடிவை 1816-ல் அச்சில் வெளியிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்கு 40 ஆண்டு முன்பு. அதிகாரிகளுக்கு அயல்மொழி சொல்லித்தரத் தொடங்கிய இடத்தில், தென்னிந்தியாவின் வரலாற்றையும் அரசியலையும் புரட்டிப்போட்ட ஓர் அறிவு கிளம்பியது. யாரும் அதற்காகத் திட்டமிடவில்லை.

அடுத்த நூற்றாண்டில் சிதம்பரம் அந்த இடத்தைப் பிடித்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தெ.பொ.மீனாட்சிசுந்தரம் வளர்த்த மொழியியல் துறை 1960-களில் உயராய்வு மையமாக உயர்ந்தது. அவரே 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்த வ.அய்.சுப்பிரமணியம் 1981-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். பின்னர் அதே நாற்காலிக்கு வந்த ச.அகத்தியலிங்கமும் அண்ணாமலையின் மொழியியலாளர்தான். மொழியியல் என்றால் என்ன என்று இன்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிற இதே மாநிலத்தில், மொழியியலாளர்கள் பல்கலைக்கழகங்களையே கட்டிய காலம் ஒன்று இருந்தது.

அரசியல் எழுதிய பாடத்திட்டம்

எந்த அயல்மொழிக்கு எப்போது துறை வரும் என்பதைப் பெரும்பாலும் வெளியுறவுதான் முடிவு செய்கிறது. சாந்திநிகேதனில் தாகூர் 1937-ல் சீன பவனத்தைத் திறந்தபோது அது இரு நாகரிகங்களின் நட்புச் சின்னம். 1962 போருக்குப் பிறகு சீனம் படிப்பவர் மீது விழும் பார்வையே மாறிப்போனது. சோவியத் நட்பு உச்சத்தில் இருந்த 1965-ல் டெல்லியில் ரஷ்ய ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுதான் பிறகு ஜே.என்.யு.வின் ரஷ்யத் துறையானது. சோவியத் சிதறிய 1991-க்குப் பிறகு ரஷ்யன் படித்தவருக்குப் பழைய மதிப்பு இல்லை. கார்களும் கே-பாப்பும் வந்தபின் கொரிய வகுப்புகளுக்குக் கூட்டம். புதிய கல்விக் கொள்கையின் 2019 வரைவில் பள்ளிகளில் படிக்கக்கூடிய அயல்மொழிகளின் வரிசையில் சீனமும் இருந்தது. 2020-ல் வந்த இறுதி வடிவத்தில் அது இல்லை. கொரியனும் ஜப்பானியமும் தாய்லாந்து மொழியும் இருந்தன.

சந்தையும் அரசியலும் ஐந்து ஆண்டுக்கொரு முறை மனம் மாறலாம். ஒரு மொழித் துறையை அப்படி மூடித் திறக்க முடியாது. நல்ல ஆசிரியர் ஒருவர் உருவாகப் பட்டம், முதுநிலை, முனைவர் ஆய்வு, இடையே அந்த நாட்டில் சில காலம் என்று பத்து ஆண்டுக்குக் குறையாமல் ஆகும். கூட்டம் வராத மொழியையும் விளக்கணையாமல் வைத்திருக்கும் பொறுமை பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்துக்கு மட்டுமே சாத்தியம்.

பேசும் ஒருவர், எழுதும் பத்துப் பேர்

மொழியியல் முதுநிலையில் மாணவர்கள் பயந்துகொண்டே காத்திருக்கும் தாள், களப்பணி முறைகள். வகுப்பில் யாருக்குமே தெரியாத மொழி ஒன்றைப் பேசுபவரை அழைத்துவந்து நடுவில் உட்காரவைப்பார்கள். சுற்றிப் பத்து மாணவர்கள். கையில் இலக்கணப் புத்தகம் கிடையாது. பல சமயம் அந்த மொழிக்கு அப்படியொரு புத்தகமே இருக்காது.

முதல் நாள் கண், காது, கை, தண்ணீர், தீ. அடுத்து அம்மா, அண்ணன், மாமன். கேட்டதைப் பன்னாட்டு ஒலிக்குறியீட்டில் எழுத வேண்டும். பத்துப் பேரும் பத்து விதமாக எழுதுவார்கள், மறுபடி கேட்பார்கள். பிறகு, நான் வந்தேன், நீ வந்தாய், நாங்கள் வந்தோம். எந்தத் துண்டு 'வா', எந்தத் துண்டு 'நான்', காலம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பிரித்தெடுக்க வேண்டும். 'என் கை' என்பதற்கும் 'என் வீடு' என்பதற்கும் உடைமையைக் காட்டும் விதமே வேறாக இருந்தால் வகுப்பு சட்டென்று நிமிர்ந்து உட்காரும். ஒரு செமஸ்டர் முடிவில் அந்த மொழியின் சிறு இலக்கணம் ஒன்றை மாணவரே எழுதிக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் களைத்துவிட்டாரா என்று பார்க்கவும், தேநீருக்கு நிறுத்தவும், அவர் நேரத்துக்கு மரியாதையும் கூலியும் தரவும் கற்றுக்கொள்வதும் பாடத்தில் சேர்ந்ததே.

ஜே.என்.யு.வின் மொழியியல் பேராசிரியராக இருந்த அன்விதா அப்பி, அந்தமானில் கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய சிலரே நினைவில் வைத்திருந்த பெரிய அந்தமானிய மொழியைப் பதிவு செய்தது இந்தப் பயிற்சியின் உச்சம். உடலுறுப்புகளின் பகுப்பையே அடித்தளமாகக் கொண்டு பெயரும் வினையும் இயங்கும் இலக்கணம் அது. அக்குடும்பத்தின் போ மொழியை அறிந்த கடைசி மனுஷியான போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தபோது, ஒரு மொழி அவரோடு முடிந்தது. அவர் பேசியது ஒலிப்பதிவிலும் அகராதியிலும் இலக்கணத்திலும் எஞ்சியிருக்கிறது. எந்த வேலைச் சந்தையும் கேட்காத வேலை இது. அரசுப் பல்கலைக்கழகச் சம்பளத்தில் இருந்த ஒருவர் செய்ததால் நடந்தது.

இயந்திரம் வந்த பிறகு

கைபேசியே மொழிபெயர்க்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. சுற்றறிக்கை, பொருள் விவரக் கையேடு, ஹோட்டல் முன்பதிவுக் கடிதம் போன்றவற்றை மொழிபெயர்த்துப் பிழைத்தவர்களின் வருமானம் இயந்திரத்தால் அடிவாங்குகிறது. அதை மறைத்துப் பயனில்லை.

பொறுப்பு ஏற்க வேண்டிய இடங்களில் நிலைமை வேறு. மாநாட்டில் உடனடி உரைபெயர்ப்பு செய்பவர்கள் இருவராக உட்கார்ந்து, இருபது முப்பது நிமிடத்துக்கொரு முறை ஆள் மாறிக்கொள்வார்கள்; மூளை அதற்கு மேல் தாங்காது. ஒப்பந்தப் பேச்சில், நீதிமன்றத்தில், அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் இடத்தில், தப்பாகப் போனால் யார் பதில் சொல்வது என்று தெரிந்தாக வேண்டும். இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வானவருக்கு இன்றும் ஓர் அயல்மொழி ஒதுக்கப்படுகிறது. அதில் தேறினால்தான் பணி உறுதி. வெளியுறவு அமைச்சகம் உரைபெயர்ப்பாளர்களுக்கென்றே தனிப் பணிப்பிரிவு வைத்திருக்கிறது.

மொழியியல் படித்தவருக்கு இயந்திரமே வேலை கொடுக்கிறது. கணினிக்கு ஒரு மொழி தெரிய வேண்டுமென்றால் அதில் எழுதப்பட்ட, ஒழுங்குபடுத்தப்பட்ட பெருந்தரவு வேண்டும். 2022-ல் வந்த மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் தொழில்நுட்பத் திட்டமான 'பாஷிணி' முதன்மையாக அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் தாய்மொழியாகச் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்தெடுத்து 1,369 தாய்மொழிகளாகத் தொகுத்தார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் என்று பார்த்தால் 121. நீலகிரியின் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் இந்த 121-லும் வராது. அவற்றுக்குத் தரவு சேர்க்க அந்தக் களப்பணி வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான் போக வேண்டும்.

வயிற்றுப்பாடு

படிப்பின் பெருமை ஒருபுறம் இருக்க, படிப்பவர் நிலை அத்தனை பெருமைக்குரியதாக இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அதே தொகைதான். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கியவருக்கு 2023 முதல் 37,000. ஒரே ஆய்வகத்தில் ஒரே மேசையில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

நுழைவு முறையும் மாறியிருக்கிறது. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்கு ஜே.என்.யு. தன் சேர்க்கையில் கூடுதல் புள்ளி தந்துவந்தது. 2022 முதல் இளநிலைச் சேர்க்கை நாடு தழுவிய க்யூட் பொது நுழைவுத் தேர்வு வழியாக. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் அந்தத் தேர்வால் புதிய ஒலியைப் பிடிக்கும் காதையோ மொழி மீதான ஆசையையோ அளக்க முடியாது. எப்படியாவது டெல்லியில் ஓர் இடம் பிடித்து, பட்டம் ஓடும்போதே ஐ.ஏ.எஸ். தேர்வுக்குத் தயாராகலாம் என்று மொழித் துறைக்குள் வருபவர்களும் உண்டு. அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. படிப்பின் முடிவில் என்ன வேலை என்பதை மொழித் துறைகளே தெளிவாகச் சொல்வதில்லை.

எங்கே படிக்கலாம்?

● ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லி: அரபு, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், கொரியன், பாரசீகம், பஷ்தூ, ரஷ்யன், ஸ்பானிஷ். மொழியியல் முதுநிலையிலும் ஆய்விலும்.

● ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் (இஃப்லு), ஹைதராபாத்: 1958-ல் ஆங்கில ஆசிரியர்களுக்கான நிறுவனமாகத் தொடங்கி, 1970-களில் அயல்மொழிகளுக்கு விரிந்து, 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகமானது. லக்னோவிலும் ஷில்லாங்கிலும் வளாகங்கள் உண்டு.

● டெல்லி பல்கலைக்கழகம்: பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், இத்தாலியன், மொழியியலுக்குத் தனித் துறை.

● ஹைதராபாத் பல்கலைக்கழகம்: பயன்பாட்டு மொழியியல், மொழிபெயர்ப்பியல்.

● அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சிதம்பரம்; பாரதியார் பல்கலைக்கழகம், கோவை: மொழியியல்.

● புதுச்சேரிப் பல்கலைக்கழகம்: பிரெஞ்சு.

சேரும் முன் ஒரு விஷயம்: எந்த ஆண்டு எந்தப் படிப்பில் இடம் உண்டு என்பதை அந்தந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். ஜே.எல்.பி.டி. (ஜப்பானியம்), டோபிக் (கொரியன்), டெல்ஃப் (பிரெஞ்சு) போன்ற தேர்வுகளைப் பட்டத்தோடு சேர்த்தே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நிறுவனங்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

தமிழ்நாட்டுக்கு ஒரு கணக்கு

கொரிய, ஜப்பானிய, ஜெர்மன் ஆலைகள் சென்னையைச் சுற்றி வளையம் போட்டிருக்கின்றன. மூன்று நாடுகளின் தூதரக அலுவலகங்களும் இங்கே உண்டு. திராவிட மொழியியலின் தாய்வீடும் இதுதான். ஆனாலும் கொரியனையோ ஜப்பானியத்தையோ ஐந்து ஆண்டு ஊன்றிப் படிக்க நினைக்கும் ஏழை மாணவர் பெரும்பாலும் ரயிலேறித்தான் ஆக வேண்டியிருக்கிறது. இங்கேயே தங்கிவிட்டால், பயிற்சி மையத்தின் கட்டணம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கைந்து அயல்மொழித் துறைகளையும் ஒரு வலுவான மொழியியல் துறையையும் அருகருகே அமைத்தால், அதன் செலவு ஒரு பொறியியல் கட்டடத்தின் செலவுக்கு மேல் போகாது. பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கும் அப்போது அதைத் தொடர்வதற்கு ஓர் இடம் இருக்கும்.

அப்படி அமைக்கும்போது விலை போகும் மொழிகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது இன்னொரு பயிற்சி மையமாகத்தான் முடியும். ஆப்கானிஸ்தானின் மொழிகளில் ஒன்றான பஷ்தூவை 2001-க்கு முன்பு படித்தவரை அதிகம் பேர் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அரசு அம்மொழி தெரிந்தவர்களை வலைவீசித் தேடியது. தேடிய அளவுக்குக் கிடைக்கவில்லை. தேவை வந்த அன்று வகுப்பைத் தொடங்கினால் பட்டதாரி வெளிவர ஐந்து ஆண்டு ஆகும். ஆசிரியரே இல்லையென்றால் பத்து.

பஷ்தூ படித்து என்ன செய்யப் போகிறாய் என்று ஊர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பத்தொன்பது வயது மாணவர் அல்லர். அந்த மொழி என்றைக்கோ தேவைப்படும் என்று கணித்து, அதுவரை அவருக்குச் சோறும் அறையும் நூலகமும் கொடுத்து, படித்து முடித்தபின் ஒரு நாற்காலியும் போட வேண்டியது அரசின் வேலை.